கிளையா, வளையா?

காட்டுப் பல்கலைக்கழகத்தில், இந்த ஆண்டு எந்த வேலையை முதலில் செய்வது என்று கூட்டம் நடந்தது. பறத்தல் துறைத் தலைவர் கொக்கு, உயரமான கோபுரம் கேட்டது. தோண்டல் துறைத் தலைவர் கீரி, நீளமான சுரங்கம் கேட்டது. இரண்டும் மதியம்வரை கத்தின.

துணைவேந்தர் யானைக்குக் காது வலித்தது. "இனி யாரும் தமக்காகக் கேட்கக் கூடாது. அடுத்த துறைக்குக் கேளுங்க."

கீரி தயங்கிச் சொன்னது: "கொக்கு சார் வகுப்பெடுக்கிற கிளையில விரிசல். மழை வந்தா குஞ்சுங்க விழுந்துடும்."

"அதைக் கவனிச்சீங்களா!" என்றது கொக்கு. "உங்க வளைக்குள்ளயும்தான் தண்ணி வருது. அதுதான் முதல்ல."

"கிளைதான் சார்!"

"சும்மா இருங்க, வளைதான்!"

மறுபடியும் கத்தல். யானை சிரித்துக்கொண்டே, கிளைக்கு முட்டுக்கொடுக்கக் கட்டையைத் தூக்கியது. கீரி கூடவே ஓடியது.

கொக்கு மட்டும் போகவில்லை. அலகில் மண் அள்ளி, வளை வாசலில் கரை கட்டத் தொடங்கியிருந்தது.