பூஜ்யம் லிட்டர்

வாழ்த்துகள், என்றது போன்.

காலை பத்தரை. அலுவலக மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

திருச்சியில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டில் இன்று செலவான தண்ணீர்: பூஜ்யம் லிட்டர்.

திரையில் இருந்த மரத்தில் ஒரு பச்சை இலை துளிர்த்து ஆடியது.

அவள் மணியை மறுபடி பார்த்தாள்.

அம்மா ஐந்து மணிக்கே குழாயைத் திறக்கிறவள். பல் விளக்காமல் சாமியிடம்கூடப் பேசமாட்டாள்.

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். குடியிருப்பு வாட்ச்மேனும் எடுக்கவில்லை.

அம்மாவின் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் மீட்டர் வைத்து இந்தச் செயலியைக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் பிடித்தால் இலை துளிர்க்கும். வீணடித்தால் உதிரும். யார் முதலிடம் என்று பட்டியல் வேறு. மேல்வீட்டு நாகரத்தினம் டீச்சர்தான் மூன்று நாளாக முதலிடம்.

நேற்றுக்கூட அவள் செயலியில் டீச்சர் பெயரைத் தொட்டுக் கைதட்டிவிட்டு, அம்மாவைச் சீண்டினாள்.

"டீச்சரப் பாத்துக் கத்துக்கம்மா. நீ என்னன்னா அண்டா அண்டாவா ஊத்துற."

அதற்காகவா குழாயைத் திறக்காமல் இருக்கிறாள்? வாய் கொப்பளிக்கக்கூடவா?

குளியலறைத் தரை வழுக்கும்.

அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

பதினொன்று. பூஜ்யம்.

பதினொன்று ஐந்து. பூஜ்யம்.

இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திடீரென்று எண் அசைந்தது.

பத்து. முப்பது. அறுபது.

வருந்துகிறோம், என்றது போன். ஓர் இலை உதிர்ந்தது. இன்னொன்று. பிறகு மரமே மொட்டை.

ஊத்தும்மா. நல்லா ஊத்து.

படியிலேயே உட்கார்ந்து அழுதாள், பாவம், சிரித்துக்கொண்டே.

அம்மாவே கூப்பிட்டாள்.

"எதுக்குடி இத்தன தடவ அடிச்சிருக்க? எந்திரிச்ச கையோட போனக்கூட எடுக்காம மேல ஓடிட்டேன். இப்பத்தான் தலைக்கு ஊத்திட்டு வர்றேன்."

அம்மா தலைக்கு ஊற்றுவது வெள்ளிக்கிழமை. இன்று புதன். சாவு வீட்டுக்குப் போய்வந்தால்தான் மற்ற நாளில் ஊற்றுவாள்.

"யாரும்மா?"

"நம்ம டீச்சர்தான். விடியக்காலம் கதவ ஒடச்சோம். எத்தன நாளாச்சோ, யாருக்குத் தெரியும்ங்கிறாங்க."

அவளுக்குத் தெரியும்.

பட்டியலைத் திறந்தாள். முதலிடம் இன்னும் டீச்சருக்குத்தான். பெயருக்கு நேரே மூன்று பூஜ்யங்கள்.

அதன் அடியில் நேற்று அவள் தட்டிய கை, இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.