ஃபோவின் பூர்வீகம்

வியட்நாமில் ஒரு சூப்புக் கிண்ணத்துக்குள் சண்டை. சூப்பின் பெயர் ஃபோ. அந்தப் பெயர் யார் வீட்டுச் சொத்து என்பதுதான் வழக்கு.

"எங்க முப்பாட்டன் சீனாவிலேருந்து கொண்டுவந்த பேரு," என்றது அரிசி நூடுல்ஸ்.

"போடா பரதேசி. அது இந்த நாட்டை ஆண்ட எங்க பிரெஞ்சு வம்சத்துப் பேரு," என்றது மாட்டெலும்பு.

சாப்பிட வந்த துயெட் கிண்ணத்தைத் தொடாமல் போனில் மாமியாரைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எலும்பின் சாறு நூடுல்ஸுக்குள் ஊறியது. நூடுல்ஸின் மாவு எலும்பு முழுக்க அப்பியது.

உப்பிப்போன நூடுல்ஸ் மெல்ல, "யோசிச்சுப் பாத்தா நான் பிரெஞ்சுதான்," என்றது.

எலும்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடா பரதேசி. சீனாக்காரன் நான் சொல்றேன், பேரு எங்களோடது."

சண்டை முதலிலிருந்து தொடங்கியது. கட்சிதான் மாறியிருந்தது, வசவு ஒன்றுகூட மாறவில்லை.