என் பொண்ணு தையல்

"அப்பா, மேல ஏறாதீங்க! இறங்குங்க!"

மரம் வெட்ட ஏறிய அப்பா பாதியில் நின்று குனிந்து பார்த்தார். "ஏம்மா, வீடு பத்திக்கிட்ட மாதிரி கத்துறே?"

"நேத்து தச்ச இடுப்புக் கயிறுப்பா... நுனியை மடிச்சு வளையம் போட்டா, வால் ஒரு முழம் கயித்துக்குள்ள போகணும்ல? ஊசி சிக்கிக்கிச்சு. நாலு விரக்கடைதான் செருகினேன். மீதியை வெட்டிட்டு மேல தச்சு மறைச்சுட்டேன். பாரம் விழுந்தா உருவிக்கும்பா. பயத்துல சொல்லல. ராத்திரி பூரா தூங்கலப்பா!"

'என் பொண்ணு தையல் இருக்க எனக்கென்ன பயம்' என்று மூன்று வருடமாகப் பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் அப்பா, இப்போது என்ன சொல்வாரோ?

அவர் சிரித்தார். "அட அசடே, இது கடையில வாங்கினது. மெஷின் தையல். உன் தையலை நம்பி நான் என்னிக்கு ஏறியிருக்கேன்?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே யாரோ நெஞ்சில் மிதித்ததுபோல் வலித்தது.

"அப்ப நான் தச்சதெல்லாம்?"

"வீணாக்குவேனா? கூட ஏறுறவங்களுக்குக் குடுத்துடுவேன்."

"நேத்து தச்சது?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. பக்கத்து மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் உச்சியில், இரைந்துகொண்டிருந்த ரம்பத்தை அப்போதுதான் நிறுத்திவிட்டு, புதுக் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார் அம்மாவின் தம்பி. அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வா மருமகளே! உன் கயித்துல மாமா ஊஞ்சல் ஆடிக் காட்டவா?"

கிளையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார்.