நனையாத தாள்

மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது பிளேன்டீக் கோப்பையைத் தட்டிவிட்டவன் நான்தான்.

மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. என் வசனங்கள் ஒன்றில், ஷிப்லியின் வசனங்கள் மற்றதில். நுஸ்ரத் டீச்சர் மைப்பேனையால் எழுதித் தந்தவை. என் தாளில் எழுத்துகள் நீந்தத் தொடங்கின. ஷிப்லி தன்னுடையதைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“ரெண்டும் போச்சு! வாய்க்கு வாறதச் சொல்லு, மச்சான்,” என்றேன்.

நாங்கள் பள்ளிக்கூடத்துத் ‘தோழர் குழு’. சாகிற எண்ணத்தோடு நடமாடும் பிள்ளையை முதலில் காணக்கூடியவன் அவனோடு படிக்கிறவன்தான் என்று டீச்சர் தொடங்கியது. பன்னிரண்டு பேருக்குச் சட்டையில் குத்தப் பச்சை பட்ஜ். பயிற்சியில் நான் நித்திரை கொள்ளாத நேரத்தில் நாலு விடயம் சொன்னார். நேராகக் கேள். பகிடி விடாதே. தனியே விடாதே. பெரிய ஆள் ஒருவரிடம் கூட்டிப் போ.

இரண்டாவதுதான் எனக்குச் சரிவராதது. சாய்ந்தமருதில் ஒரு மையத்து வீட்டில் அழ வந்த ஆட்களைச் சிரிக்க வைத்து வாப்பாவிடம் அடி வாங்கியவன் நான். எனக்கும் ஒரு பட்ஜ்.

நாடகத்தில் ஷிப்லி மனம் நொந்த மாணவன். நான் அவன் தோழன்.

மேடையில் ஷிப்லி மைக்கைப் பிடித்தான்.

“ராவையில படுக்கக்குள்ள, விடிய எழும்பாட்டி நல்லம் எண்டு இரிக்கி.”

ஐந்நூறு பேரின் அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளாது. வாய் முந்திவிட்டது.

“விடியச் சுபஹு தொழாததுக்கு இதுவும் ஒரு சாட்டா, மச்சான்?”

மண்டபம் அதிர்ந்தது. மௌலவி சேர்கூடச் சால்வையால் வாயைப் பொத்தினார். ஷிப்லியும் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் கைதட்டலோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போனபின் நாங்கள் இருவரும் கதிரைகளை அடுக்கினோம். டீச்சர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார்.

“நடிப்பெண்டா நடிப்பு! ஆருட்டடா பழகின?” என்று ஷிப்லியிடம் கேட்டேன்.

“யூடியூப்ல.”

“எந்தச் சேனல்?”

“நீ பாக்காத சேனல்.”

பள்ளிவாசலில் இரவல் வாங்கிய கதிரைகள். எத்தனை என்று குறிக்கப் பேனை வேண்டியிருந்தது. வழக்கம்போலக் கேட்காமலே அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டேன்.

பேனையோடு தாளும் வந்தது.

நாலாய் மடித்திருந்தது. ஒரு சொட்டுத் தேநீர் படவில்லை. டீச்சரின் உருண்டைக் கையெழுத்து அப்படியே இருந்தது. ‘பரீட்சையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.’ அவன் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

விடிய எழும்புவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்போதும் ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது, வல்லாஹி. விழுங்கினேன். பழக்கமில்லாத வேலை.

போன கிழமை அவன் தன் கிரிக்கட் மட்டையை என்னிடம் தந்தான். “நீயே வெச்சிக்க,” என்றான். “என்ன, மௌத்தாகப் போறியா? வஸிய்யத்துச் சொத்தா இது?” என்று சாவையும் உயிலையும் வைத்துப் பகிடியாய்க் கேட்டவனும் நான்தான். அன்றும் அவன் சிரித்தான். மட்டை நல்ல மட்டை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுக்கிய கதிரைகளில் இரண்டை இறக்கினேன். ஒன்றில் அவனை இருத்தினேன். எதிரே நான் இருந்தேன். பூட்ட வந்த டீச்சருக்குப் போகவேண்டாம் என்று கையால் காட்டினேன்.

“ஷிப்லி, சாகணும் எண்டு யோசிக்கியா?”

சிரிக்கப் பார்த்தான். என் முகத்தில் அதற்குத் துணை கிடைக்கவில்லை.

தாளை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி நாலாய் மடித்தான்.

“ஓம்,” என்றான்.