பச்சை மை

பச்சை மையைப் பார்த்ததுமே டெலீனாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஆயிற்றா? டோரிங்பெர்க் ஊரில் பச்சை மையில் எழுதுகிற ஒரே மனிதர் பழைய வாத்தியார் மேஸ்டர் அப்போலிஸ்தான். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் அவள் நோட்டுகளில் தப்புகளைச் சுழித்துத் தள்ளியதும் அதே மைதான்.

ஊரில் நடக்கும் ஆஃப்ரிகான்ஸ் மொழிக் கலைவிழாவுக்கு அவள்தான் தலைவி. கவிதைப் போட்டிக்கும் அவளே தலைமை நடுவர். கவிதையைக் கையால் எழுதி, அடியில் புனைபெயர் போட்டு, உண்மைப் பெயரை ஒட்டிய கவருக்குள் வைத்துத் தரவேண்டும். பரிசு வாங்கும் கவரை மட்டும் மேடையில் பிரிப்பார்கள். மற்றதெல்லாம் பிரிக்காமலே அடுப்புக்குப் போகும்.

"இதுக்குத்தான் முதல் பரிசு," என்றார் இன்னொரு நடுவரான காஸ்பர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "'அடுத்தவன் காலரை வெளுத்து வெளுத்து அம்மா கை வெளுத்துப்போச்சு'ன்னு எழுதியிருக்கு பாரு. நம்ம வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கு."

டெலீனாவும் படித்தாள். அந்த வரிக்கே திரும்பத் திரும்பப் போனாள். கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்தப் பேச்சைத்தானேண்ணே அந்த மனுஷன் அன்னிக்குக் காறித் துப்பினார்? இப்ப அதுக்கு மவுசு வந்ததும் நம்மகிட்டயே திருடி, நம்மகிட்டயே பரிசு கேக்கறார்."

"யாரைச் சொல்றே?"

"கவரைப் பிரிக்கிறப்போ தெரியும்."

அந்தப் பள்ளிக்கூட நாளில் அவளுக்குப் பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்பு. இதே மண்டபத்தில், ஊரே பார்க்க, தன் முதல் கவிதையை வாசிக்க எழுந்து நின்றாள். நாலாவது வரியிலேயே மேஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். "இது அடுப்படிப் பேச்சு. கவிதை இல்லை. போய் உட்கார்." தாளைப் பிடுங்கி, மடித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப்பிறகு அவள் ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் கவிதையில் ஒரு சொல்கூட இன்று ஞாபகமில்லை. அவர் சொன்னது மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் ஞாபகமிருந்தது. அந்த மனிதரின் மூக்கை உடைக்கவேண்டும் என்றுதான் ஒன்பது வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி இந்த விழாவை நடத்துகிறாள்; பண்ணைக் கூலிகளையும் சலவைக்காரிகளையும் அவரவர் பேச்சிலேயே மேடையில் பாட வைக்கிறாள்.

சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. வெளியே ரீல் என்னும் நாட்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் தொப்பியில் இறகு செருகிக்கொண்டு, புழுதி கிளப்பத் தயாராக நின்றார்கள். உள்ளே பாகில் ஊறிய கொக்சிஸ்டர் பலகாரம் தட்டுத் தட்டாகக் காலியாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் மேஸ்டர் அப்போலிஸ். எண்பத்தாறு வயது, மடியில் தொப்பி, கழுத்தில் அன்றைக்குப் போலவே விறைப்பான வெள்ளைக் காலர்.

டெலீனாவின் பிடிவாதத்தால் முதல் பரிசு ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஓர் ஆளுக்குப் போயிற்று. கைதட்டல் ஓய்ந்தும் டெலீனா மேடையை விட்டு இறங்கவில்லை. பச்சை மைத் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கு. 'வாலாட்டிக் குருவி'ன்னு பேர் போட்டு வந்திருக்கு. இதுக்கு நடுவர் சொல்ற தீர்ப்பு இவ்வளவுதான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இது அடுப்படிப் பேச்சு. கவிதை இல்லை. போய் உட்கார்."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். மேஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. டெலீனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை, இன்னும் வேண்டும்போல் இருந்தது.

"காஸ்பரண்ணே, கவரைப் பிரிங்க."

"பரிசு வாங்காததைப் பிரிக்கிற வழக்கமில்லையேம்மா."

"இன்னிக்குப் பிரிப்போம். எழுதினது யாருன்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்."

மேஸ்டர் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். தொப்பி கீழே உருண்டது. "வேண்டாம்மா," என்றார். "பிரிக்காதே. அப்படியே அடுப்புல போட்டுடு. தப்பு என்னோடதுதான்."

"ஏன் மேஸ்டர், பயமா இருக்கா?"

"ஆமாம்மா. பயமாத்தான் இருக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள்! "பிரிங்கண்ணே. கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிங்க."

காஸ்பர் கவரின் ஓரத்தைக் கிழித்தார். உள்ளே இருந்த துண்டுத் தாளை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். டெலீனாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"டெலீனா பியூக்ஸ். ஆறாம் வகுப்பு."