ஓ நெகட்டிவ்

சேவைச் சங்கத்தில் சேர்ந்தால் மேடையில் நாற்காலி, சட்டையில் பேட்ஜ், ஊரில் மரியாதை. அதற்காகத்தான் என் மகன் சுபாஷையும் சேர்த்துவிட்டேன்.

அன்று காலை சங்கச் செயலாளர் ஜாபர் போன் செய்தார்.

"அண்ணே, சுபாஷ் போன் எடுக்கல. ஒடனே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. பிரசவத்துல ஒரு பொண்ணுக்கு ரத்தம் ஜாஸ்தி போயிடுச்சு. ஓ நெகட்டிவ். நம்ம லிஸ்ட்ல அவன் ஒருத்தன்தான்."

"எந்த ஊருப் பொண்ணு?"

"கரியாலூரு. புருசன் பேரு அய்யப்பன்."

எதிரே சுபாஷ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் ஊர்ல இல்லையே. சேலம் போயிருக்கான்" என்றேன்.

"இன்னாண்ணே இது! பேட்ஜ் குத்திக்கினா போதுமா? கூப்பிட்டா வர வேணாமா?"

"சின்னசேலத்துல யாராவது இருப்பாங்க, பாருங்க."

போனை வைத்தேன். "யாருப்பா?" என்றான் சுபாஷ்.

"மீட்டிங்காம்."

மதியம் ஜாபர் மறுபடி அழைத்தார். "ரத்தம் கெடைக்கலண்ணே. பொண்ணு போயிடுச்சு. கொழந்தையுந்தான்." அவர் குரலில் கோபம்கூட இல்லை.

துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன்.

"காலையிலதான குளிச்சீங்க? மறுபடி இன்னாத்துக்கு?" என்றாள் என் மனைவி அம்சவள்ளி.

"வேர்க்குது."

அவளிடம் என்ன சொல்வது? மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் இலக்கியா அந்த அய்யப்பனோடு போன அன்றே, அவள் செத்துவிட்டாள் என்று சொல்லி இதே குழாயடியில் நானும் தலைமுழுகி, அம்சவள்ளியையும் முழுக வைத்தவன் நான்.

பெற்ற மகளுக்காக இரண்டாவது முறை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.