மாப்பிள்ளைக்கு ஓர் ஊசி

மானிட்டர் அலறியது. திரையில் இதயத் துடிப்பு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு நெஞ்சு இப்படி அடிச்சுக்குதே" என்று கட்டிலில் கிடந்தவனின் காலைத் தேய்த்தபடி அம்மா அழுதாள். எதிரே கையுறை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ், அவளுடைய இளைய மகள்.

மூத்தவள் மாடியிலிருந்து குதித்துச் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அக்கா குதிக்கிற ரகம் இல்லை என்று நர்ஸ் அன்றைக்கே சொன்னாள். தங்கமான மாப்பிள்ளை மேல் பழி போடுகிறாள் என்று அம்மா திட்டித் தீர்த்தாள். இன்றுவரை அவன் வீட்டிலேயே இருந்து சமைத்துப் போடுகிறாள்.

"பழசை மனசுல வச்சுக்காதேடி. இவரையாவது காப்பாத்து."

ஊசி போடும்போது கூட வந்தவர்களை வெளியே அனுப்புவதுதான் அவசரப் பிரிவின் வழக்கம். டாக்டர் ஜாடை காட்டினார். மாமியார்தான், இருக்கட்டும் என்றாள் நர்ஸ்.

"துடிப்பை அடக்க அடினோசின் போடப்போறோம். பேஷன்ட்கிட்ட விவரம் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் டாக்டர்."

மருந்தை ஒரே மூச்சில் நரம்புக்குள் தள்ளினாள். பின்னாலேயே சலைனைச் செலுத்தி, அவன் கையை உயரத் தூக்கிப் பிடித்தாள்.

திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு தடுமாறியது. அப்படியே படுத்துவிட்டது. டாக்டர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் முகம் குப்பென்று சிவந்து, கண்கள் பிதுங்கின.

"என்ன போட்டே... நான் போறேன்..."

அவள் காதருகே குனிந்தாள். "சொல்லிட்டுப் போங்க அத்தான். அக்கா தானாவா குதிச்சா?"

"இல்ல... நான்தான் தள்ளினேன்... மன்னிச்சிடு..."

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

கோடு துள்ளியது. ஒரு துடிப்பு, இன்னொன்று, பிறகு ஒழுங்காக வரிசையாக. டாக்டர் திரையை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்.

அவன் மூச்சை இழுத்து, தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக நர்ஸ் அவனைப் பார்த்துச் சிரித்தாள். நெற்றி வியர்வையைப் பதமாக ஒற்றி எடுத்தாள்.

"இந்த ஊசி போட்டா எல்லாருக்குமே சாகிற மாதிரிதான் இருக்கும், உடனே சரியாயிடும். உங்ககிட்ட மட்டும் சொல்ல மறந்துட்டேன், அத்தான்."